வலிக்காத கடி

அன்று படகில் இருந்தவர்கள் மூன்று பேர்: முக்குளிக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டி, அவன் தங்கை புருஷன், இன்ஜினைப் பிடித்திருந்த படகோட்டி. பவளப்பாறை இடுக்கில் கிடந்த வரிவரியான கடற்பாம்பையும் சேர்த்தால் நான்கு.

பதினோரு வருடமாக வழிகாட்டி எல்லோரிடமும் ஒரே ஜோக்கைத்தான் சொல்லிவந்தான். "பயப்படாதீங்க சார், அதுக்கு வாய் ரொம்பச் சின்னது. கடிக்கணும்னா நீங்கதான் ஊட்டி விடணும்." சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான்.

முதல் தடவை மேலே வந்ததும் மாப்பிள்ளை கணுக்காலைக் காட்டினான். ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளிகள்.

"மச்சான், உங்க பாம்பு முத்தம் குடுத்துட்டுப் போயிருக்கு."

"வலிக்குதா?"

"ஒண்ணுமே தெரியல."

"கரைக்குத் திருப்பிடவா?" என்றான் படகோட்டி.

"நீ சும்மா இரு. வலி இல்லன்னா விஷம் இறங்கல. மாப்ள, அடுத்த சிலிண்டரை மாட்டு."

கடற்பாம்புக் கடி வலிக்காது. படகில் ஒட்டியிருந்த முதலுதவி அட்டையின் முதல் வரியே அதுதான். ஒட்டியவனும் வழிகாட்டிதான்.

இரண்டாம் தடவை மேலே வந்தபோது மாப்பிள்ளையின் இமைகள் தொங்கின. "என்ன, ராத்திரி தங்கச்சி தூங்க விடலையா?" என்று இவன் கேலி செய்தான். மாப்பிள்ளை ஏதோ சொல்லப் பார்த்தான். தாடை திறக்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது.

பத்து நாள் கழித்து, வழிகாட்டி செத்தவனின் நீச்சல் கண்ணாடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். படகோட்டி வாயைத் திறக்க மாட்டான். இவனும் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அவள் புருஷனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"லேட்டா கொண்டாந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னார்ண்ணா. எங்கண்ணன் ஒரு நிமிஷம்கூட வீணாக்கியிருக்காதுன்னு அவர்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன்."

அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"வீணாக்கினேம்மா. கடிச்சது தெரிஞ்சும் திரும்பல. இன்னொரு தடவை இறக்கினேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

"திரும்பலாம்னு யாருமே சொல்லலையா?"

"படகோட்டி சொன்னான்."

கையிலிருந்த சட்டையை அவள் மடித்து முடித்தாள். பித்தான்களைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"கண்ணாடிய வச்சிட்டுக் கிளம்புங்க."

அண்ணா என்று சொல்லவில்லை. அவன் வெளியே வந்து செருப்பை மாட்டினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. புருஷன் கடலுக்குப் போனால் தனியாக இருக்கப் பயமாயிருக்கிறது என்று அவள் சொன்னதற்காக அவனே வாங்கிவந்து பொருத்திய பூட்டு அது. சாவியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டும் கேட்டன.