கொச்சியிலேயே லேசான படகு

மட்டாஞ்சேரியில் படகு கட்டி விற்கும் வாஞ்சிநாதனுக்குப் போன வருடம் திடீரென்று பூமியின் மேல் கவலை வந்துவிட்டது. டீசல் குடிக்காத பேட்டரிப் படகுகளுக்கு அரசு டெண்டர் விட்டதும் அதே வாரம்தான். இரண்டும் தற்செயல் என்று அவரே எல்லோரிடமும் வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கவலை முற்றிப்போய், கடைத்தெரு ஓரத்தில் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கைக் காலி செய்து, உலோகத்தை அச்சடிக்கும் ராட்சத இயந்திரம் ஒன்றை இறக்கினார். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அதைக் கட்டி மேய்க்க ஸுப்ரியாவை வேலைக்கு எடுத்தார்.

ஸுப்ரியா காக்கநாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து, எவனோ வெளிநாட்டுக்காரனின் கப்பலுக்குக் குழாய் வரைந்துகொண்டிருந்தவள். அந்தக் கப்பல்கள் எந்தக் கடலில் ஓடுகின்றன என்றுகூட அவளுக்குத் தெரியாது. தான் வரைந்த ஒன்று தன் கண் முன்னே தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற ஒரே ஆசையில், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு இஞ்சி வாசனைக்குள் வந்து சேர்ந்தாள்.

வேலை என்னவோ எளிமையானதுதான். படகு எவ்வளவு கனமோ அவ்வளவு பேட்டரியைத் தின்னும். ஆகவே இருக்கையின் கால், கூரையைத் தாங்கும் தூண், பேட்டரி உட்காரும் தாங்கி என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, பாரம் எங்கே விழுகிறது என்று சொல்வாள். பாரம் விழாத இடத்து உலோகத்தையெல்லாம் அது கணக்குப் பார்த்து நீக்கிவிடும். மிஞ்சியதை இயந்திரம் அலுமினியக் கம்பியை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்து கொடுக்கும். உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக, பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் பாதி எடை, அதே பலம்.

முதல் இருக்கைக் காலைப் பார்த்ததும் வாஞ்சிநாதனின் முகம் விழுந்துவிட்டது.

"என்ன ஸுப்ரியா இது, எலி கொறிச்ச மாதிரின்னா இருக்கு?"

"வேண்டாத எடத்துல இருந்த அலுமினியத்தை எடுத்தாச்சு ஸார். ஓட்டை இருக்கறதாலதான் லேசு."

"அதெல்லாம் சரி. திறப்பு விழாவுக்கு மந்திரி வந்து பார்த்தா என்ன நெனச்சுப்பார்? பாதி சாமானை நாம முழுங்கிட்டோம்னுன்னா தோணும்."

சாமானை முழுங்குவது பற்றி அவருக்கு அனுபவ ஞானம் இருந்ததால் ஸுப்ரியா மேற்கொண்டு வாதாடவில்லை.

படகு ஒரு டன்னுக்கு மேல் இளைத்துவிட்டது என்ற செய்தி பரவியதும் வேறு தொல்லை ஆரம்பித்தது. மிச்சப்பட்ட எடையைப் பூர்வீகச் சொத்து போலப் பாவித்து ஆளாளுக்குப் பங்கு கேட்டு வந்தார்கள். விற்பனைப் பிரிவுக்குச் சுவர் அகலத்தில் ஒரு டிவி வேண்டுமாம். பசுமை என்றால் மரம்தானே என்று முதலாளியின் மனைவி சீதாலக்ஷ்மி உள்பக்கம் முழுக்கத் தேக்குப் பலகை அடிக்கச் சொன்னாள். முதலாளி தன் பங்குக்கு ஒரு கிரானைட் கல் செய்யக் கொடுத்தார். அதில் பொன் எழுத்தில் பொறித்திருந்தது: 'கொச்சியிலேயே லேசான படகு.' அதைத் தூக்கி வந்து வைக்க ஆறு ஆட்கள் திணறினார்கள். அதைப் பார்த்து அங்கே ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் ஸுப்ரியாவுக்குத் தாங்கவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு முந்தின வாரம் வாஞ்சிநாதன் அவளைக் கூப்பிட்டு, சாயா வரவழைத்துக் கொடுத்து, மிகவும் அன்பாக நிலவரத்தைச் சொன்னார். எண்பது பேர் ஏறி உட்கார்ந்த பிறகும் படகின் பக்கவாட்டில் வரைந்த வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். தெரிந்தால் இன்னும் ஆறு படகுக்கு ஆர்டர். தெரியாவிட்டால் இயந்திரத்தை விற்றுவிடுவார். ஸுப்ரியாவும் அவளுடைய டிசைன் அறையும் கிளம்ப வேண்டியதுதான். சாயா என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் பேட்டரி வேலையாக எர்ணாகுளத்தில் கிடந்தாள். சோதனை நாளன்று திரும்பி வந்தபோது படகு பச்சைப் பசேலென்று, தோரணமும் ரிப்பனுமாகப் படகுத்துறையில் நின்றது. ஆட்களுக்குப் பதிலாக மணல்மூட்டை ஏற்றுவதுதான் வழக்கம். போட்டோவில் மணல்மூட்டை எடுபடாது என்பதால், மார்க்கெட்டிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்பவர்களாக எண்பது பேரை மதியப் பிரியாணிக்குப் பேசிக் கூட்டி வந்திருந்தார்கள். பிரியாணியைச் சோதனை முடிந்த பிறகே போட வேண்டும் என்று ஸுப்ரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

எண்பது பேரும் ஏறினார்கள். கோடு முங்கிவிட்டது.

அரசு ஆய்வாளர் ஹரிஷங்கர் திருப்பூணித்துறைக்காரர், சாந்தமான மனிதர். குனிந்து பார்த்தார். "வர காணலையே சாரே," என்று கோடு இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.

கல்லை இறக்கினார்கள். டிவியை இறக்கினார்கள். சீதாலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, தேக்குப் பலகைகளையும் கழற்றினார்கள். கோடு வெளியே வருகிற வழியாகக் காணோம்.

"உன் கம்ப்யூட்டர் கணக்குல கோளாறு ஸுப்ரியா. நான் அன்னைக்கே சொன்னேனோல்லியோ?" என்றார் வாஞ்சிநாதன். அன்றைக்கு அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

எங்கேயாவது ஒரு புள்ளி தள்ளிப் போட்டுவிட்டோமா என்று ஸுப்ரியாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. படகில் ஏறி, ஒரு இருக்கைக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தாள். காலில் ஓட்டையைக் காணோம். மொழுமொழுவென்று, உருண்டையாக, வழவழப்பாக இருந்தது. விரலால் தட்டினாள். சத்தம் செத்துப்போய் வந்தது.

"பட்டி பாத்திருக்கு மேடம்," என்று பக்கத்தில் வந்து நின்றான் பெயிண்டிங் காண்ட்ராக்டர் செல்லதுரை. "கார் ஒடுக்குக்குப் பூசுவோம்லா, அதே பட்டிதான். எத்தன ஓட்டைங்கீங்க! ஒண்ணு விடல. மொதலாளிதான் அடைக்கச் சொன்னாவ. எப்படி வந்திருக்கு பாருங்க, கண்ணாடி கெணக்கா!"

அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். மாதக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து அவள் எடுத்த எடையையெல்லாம் ஒரே வாரத்தில் கரண்டி கரண்டியாகத் திருப்பி அப்பிவிட்டார்கள். அதற்குக் கூலியும் கொடுத்திருக்கிறார்கள்.

"மந்திரி பார்ப்பாரேன்னுதான்..." என்று இழுத்தார் வாஞ்சிநாதன்.

"மொதல்ல கோடு தெரியட்டும் ஸார். மந்திரி அப்பறம் பார்க்கட்டும்."

மூன்று மணி வரை காத்திருக்கலாம் என்றார் ஹரிஷங்கர். உளி, சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் இருக்கைகளுக்கு அடியில் நுழைந்தார்கள். பிரியாணி வாசனை வந்துவிட்டதால் எண்பது பயணிகளும் மனப்பூர்வமாகக் கை கொடுத்தார்கள். வாஞ்சிநாதன் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் அடைக்கச் சொன்ன ஓட்டையைத் தானே குடைந்துகொண்டிருந்த காட்சியை ஸுப்ரியா ஆசை தீரப் பார்த்தாள். உதிர்ந்ததையெல்லாம் சாக்கில் அள்ளிக் கரையில் போட்டு, எல்லோரும் மறுபடி ஏறி உட்கார்ந்தபோது வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஹரிஷங்கர் கையெழுத்துப் போட்டார். ஸுப்ரியா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டை போடறதுங்கறது என்னோட சொந்த ஐடியா," என்று வாஞ்சிநாதன் அன்று மாலையே டிவிக்காரர்களிடம் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. செல்லதுரை அதிலிருந்து டின்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இது என்ன செல்லதுரை?"

"பட்டி மேடம். அடுத்த வாரம் மந்திரி வாராருல்லா? மறுபடி அடைச்சிரச் சொல்லிட்டாவ. கல்லையும் ஏத்தணுமாம். அதான் சோதனை பாஸாயாச்சே, இனி யாரு கேக்கப் போறா?"

ஸுப்ரியாவுக்கு வந்த கோபத்தில் ஒரு டின்னைத் தூக்கிக் காயலில் எறிந்திருப்பாள். கனமாக இருந்ததால் அதன் மேலேயே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டாள்.

"ஸார், திறப்பு விழா அன்னைக்கு ஹரிஷங்கர் சார் மறுபடியும் கோட்டைப் பார்ப்பாராம். எல்லாரும் ஏறினப்பறம்."

"மந்திரியும் ஏறினப்பறமா?"

"ஆமாம் ஸார். அவர்தானே கடைசியா ஏறுவார்?"

"கோடு முங்கினா?"

"கடைசியா ஏறினவாளை மொதல்ல இறக்கிடணுமாம் ஸார். விதி அப்படி."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எழுதிவைக்காமல் விட்டது எவ்வளவு பெரிய குறை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

"செல்லதுரைகிட்ட போனைக் குடு," என்றார் வாஞ்சிநாதன்.

செல்லதுரை "சரி மொதலாளி, சரி மொதலாளி" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"டின்னு எல்லாத்தையும் கடைக்கே திருப்பி அனுப்பச் சொல்லுதாவ மேடம். கல்லும் வேண்டாமாம். அத எங்க கொண்டு போடட்டும்?"

ஸுப்ரியா டின்னை விட்டு எழுந்து இஞ்சிக் கிடங்கைக் காட்டினாள். அவளுடைய டிசைன் அறை வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி, ஒரு படிக்கல் இல்லாமல் ரொம்ப நாளாகவே அவஸ்தையாக இருந்தது. எழுத்து மேலே தெரியும்படி போடச் சொன்னாள்.