நகச்சுத்து

பிளாரன்ஸுக்கு வாய் அதிகம் என்று இறால் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாய்க்குப் பயந்துதான் மேனேஜர் ஜேசுபாதம் மூன்று வருடமாக அவளிடம் நேரடியாக எதுவும் வைத்துக்கொள்ளாமல் காலத்தை ஓட்டினார். எழுபத்தாறாம் வருடம் மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கிருந்துதான் அவருக்குத் தைரியம் வந்ததோ, கேட்டிலேயே ஐந்து பெண்களை நிறுத்தி வேலை அட்டைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஐந்து பேருக்கும் விரல் ஊதா நிறத்தில் இருந்தது. பிளாரன்ஸுக்குப் பத்து விரலும் ஊதா.

அது தர்மாஸ்பத்திரியில் தடவிவிட்ட மருந்து. ஐஸ் போட்ட தொட்டித் தண்ணீரில் கையை விட்டு இறால் உரிக்கிற வேலை. காலை ஏழு மணிக்கு நனைகிற கை சாயங்காலம்தான் காயும். நகக்கண் வீங்கும், சீழ் கோக்கும், நகம் கறுத்துப் புரளும். நகச்சுத்துக்கு ஊரே சொல்லுகிற வைத்தியம், எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் சொருகிக்கொள்வது. பிளாரன்ஸ் ஒரு மாதம் பத்து விரலிலும் மாற்றி மாற்றிப் பழத்தை மாட்டிக்கொண்டு திரிந்தாள். எலுமிச்சம்பழம் வீணானதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை சரக்கைப் பார்க்க ஜப்பான்காரர்கள் வருகிறார்களாம். தொத்து வியாதிக்காரிகளை உள்ளே வைத்திருந்தால் கப்பலே திரும்பி வந்துவிடுமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனுஷன். வீட்டில் என்ன அழுக்கில் புரண்டு இதை வாங்கி வந்தீர்கள் என்றும் கேட்டுவிட்டார். ஐந்து பேரில் ஒருத்தியான இசக்கித்தாய் அங்கேயே அழுதுவிட்டாள். பிளாரன்ஸுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. தொத்து வியாதி என்று ஒரு கம்பெனி வெளியே தள்ளினால் கடற்கரை ரோட்டில் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. புருஷன் தோணியில் கொழும்புக்குப் போய் நாலு மாதம். இந்த வேலை போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"என்ன வியாதின்னு பேரு சொல்லுங்க சார். பேரு தெரியாத வியாதிக்கு நான் ஏன் வீட்டுக்குப் போவணும்?"

பெயரை லேபில் சொல்லுவார்கள் என்றார் ஜேசுபாதம். லேப் என்றால் ஆக்னஸ். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த பெண், இறாலில் எத்தனை கிருமி இருக்கிறது என்று பார்ப்பவள். சத்தமாகத் தும்மக்கூடப் பயப்படுவாள். ஐந்து பேரின் நகக்கண்ணிலும் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டாள். "தொற்று நோய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தார். கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று அந்தப் பயந்தாங்கொள்ளிதான் சொன்னாள்.

இரண்டு நாள் பிளாரன்ஸ் வீட்டுக்குப் போய் வந்த நேரம் போக, கேட்டுக்கு எதிரே மணலில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை காலை ஆக்னஸ் லேப் ஜன்னலிலிருந்து அவளை உள்ளே கூப்பிட்டாள். தட்டுகளில் வெள்ளை வெள்ளையாக, தயிர்த் துளி மாதிரி ஏதோ வளர்ந்திருந்தது. கள்ளு ஊற்றிப் புளித்த ஆப்ப மாவின் வாசம் அடித்தது. எந்த வகை என்று உறுதி பண்ண மனுஷ ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்றாள் ஆக்னஸ், தயங்கித் தயங்கி.

பிளாரன்ஸ் கையை நீட்டினாள். "மூணு வருசமா இந்தக் கம்பெனி குடிக்குது. நீயும் கொஞ்சம் எடுத்துக்கோளா."

ரத்தம் உறைந்து மேலே தெளிந்த மஞ்சள் நீரில் ஆக்னஸ் அந்தக் கிருமியைக் கரைத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்தாள். வைப்பதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் காட்டியபோது எல்லாம் சின்னச் சின்ன முட்டையாகத்தான் இருந்தன. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முட்டைக்கு முட்டை வால் முளைத்து நீண்டிருந்தது.

"உருண்டையா கெடந்தவன் எதுக்குளா வால் விடுதான்?"

ஆக்னஸ் சொன்னாள். இவன் ஒரு பூஞ்சை, வெளியிலிருந்து வந்தவன் இல்லை. பாதிப் பேர் வாயிலும் குடலிலும் உருண்டையாகச் சத்தமில்லாமல் கிடப்பவன். தோல் ஊறி இளகி இடம் கொடுத்தால் உருவம் மாறிவிடுவான். நூலாக நீண்டு உள்ளே துளைப்பான். நூலோடு நூல் பின்னிக்கொண்டு, மேலே கோழையைப் பூசி, தோணியின் அடியில் பாசி பிடிக்கிற மாதிரி படிந்துவிடுவான். அதற்கப்புறம் மருந்து மேலோடு வழிந்து போகும். ஈரம் இருக்கிறவரை அவனை அசைக்க முடியாது. அழுக்கு காரணம் இல்லை அக்கா, தொட்டித் தண்ணீர்தான் காரணம் என்றாள்.

வாயிலும் இருப்பான் என்றால் யார் வாயில் என்று பிளாரன்ஸ் யோசித்தாள். ஜேசுபாதத்துக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். அண்ணம் எரிகிறது என்று ஆறு மாதமாகத் தயிர்ச்சோறு தவிர வேறு இறங்குவதில்லை. சாப்பிட்டதும் பல்லைக் கழற்றி மேசையில் கிளாஸ் தண்ணீரில் போட்டுவிட்டுக் கண்ணசருவார். மத்தியானம் அவர் அசந்ததும் பிளாரன்ஸ் நேரே ஆபீசுக்குள் போய்க் கிளாஸோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆக்னஸ் முதலில் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு பல்செட்டின் உள்பக்கம் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். அதே முட்டை, அதே நூல், பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடந்தது.

ஜேசுபாதம் பல்லைத் தேடிக்கொண்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி வந்து சேர்ந்தார். பிளாரன்ஸ் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து மைக்ராஸ்கோப்பில் முதலில் தன் நகக்கண்ணில் எடுத்ததைக் காட்டினாள், அப்புறம் அவர் பல்லில் எடுத்ததைக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே சாதி சார். உங்க வீட்ல என்ன அழுக்குன்னு நான் கேக்க மாட்டேன்."

பல்லை மாட்டிக்கொண்டதும் அவருக்குக் குரல் வந்தது. பிளாரன்ஸ் மட்டும் இன்றைக்கே உள்ளே வரலாம் என்றார். மற்ற நாலு பேர் பேச்சை விட்டுவிட வேண்டும், பல் பேச்சு இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி அவள் அட்டையை நீட்டினார். பிளாரன்ஸ் அதை வாங்கவே இல்லை. கதவைத் திறந்து நேரே உரிக்கிற கொட்டகைக்குள் நடந்தாள். நாற்பது பெண்கள் தொட்டியில் கை விட்டுக்கொண்டிருந்தார்கள். நகக்கண்ணில் குடியிருப்பவன் யார், எதற்கு வால் விடுகிறான், வேறு எங்கெல்லாம் குடியிருக்கிறான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பல்லையும் சொன்னாள். நீங்கள் விரலை மடக்கி மறைத்தாலும் அடுத்த மாதம் ஊதா உங்களுக்குத்தான் என்றாள். பிறகு எல்லோரையும் தண்ணீரிலிருந்து கையை வெளியே எடுக்கச் சொன்னாள்.

முதலில் இரண்டு கை வந்தது. அப்புறம் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எண்பதும் வந்துவிட்டன. ஜேசுபாதம் பதறிக்கொண்டு ஓடி வந்தார். விடிந்தால் ஜப்பான்காரர்கள், தொட்டி நிறையத் தோலோடு இறால், ஐஸோ உருக ஆரம்பித்துவிட்டது. இது எமர்ஜென்சி காலம், ஸ்டிரைக் பண்ணினால் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று கத்தினார்.

"யாரு சார் ஸ்டிரைக் பண்ணுதா? கை காய வைக்கோம்," என்றாள் பிளாரன்ஸ்.

அடுத்த பத்து நிமிடத்தில் ஐந்து அட்டைகளும் மேசைக்கு வந்தன. போதுமா, இனி வேலையைப் பாருங்கள் என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். பிளாரன்ஸ் தன் ஊதா விரல்களை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மணிக்கொரு தரம் கை தொடச்சிக் காய வைக்கணும். அதுக்குத் துணியும் நேரமும் உண்டுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அதுவரைக்கும் எங்களுக்கு ஈரம் ஆவாது."

ஜேசுபாதம் தாளையும் பேனாவையும் தேடி ஆபீசுக்கு ஓடினார். தொட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஒருத்திகூடக் கையை இறக்கவில்லை.