கெருபோவின் மணிக்கட்டு

நைவாஷா ரோஜாப் பண்ணையில் பெட்டி தூக்கும் மொமான்யிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, பண்ணை மருத்துவர் மறுகேள்வி கேட்கவில்லை. அன்றைக்கே அவனை வாசல் காவலுக்கு மாற்றச் சொன்னார். ஆண்பிள்ளை இடுப்பென்றால் சும்மாவா!

அவன் மனைவி, மகள் மொராவின் அம்மா கெருபோ, கொட்டகையில் நாள் முழுக்கக் கத்தரியால் காம்பு நறுக்கிப் பூக்களைக் கட்டாகக் கட்டுகிறவள். மணிக்கட்டு வீங்கி, விரல் மரத்துப்போய் அவரிடமே போனாள்.

"வீட்ல துணி துவைக்கிறியா? உகாலி கிண்டுறியா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப இது வீட்டு வேலையால வந்த வலி. மாத்திரை தரேன், போ."

கெட்டியாகத் திரள வேண்டிய சோளமாவுக் களி, அன்று அவள் கிண்டிய உகாலி, தண்ணீரும் கட்டியுமாக இருந்தது.

"என்னடி, கஞ்சியா?" என்று சிரித்தான் மொமான்யி.

"கையில கத்தரியே நிக்க மாட்டேங்குது, மொரா அப்பா. காதலர் தினம் வருது. வேகமா கட்டலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." சொல்லும்போதே உடைந்து அழுதாள்.

அவன் சிரிப்பு நின்றது. மருத்துவர் சொன்னதை அவனும் பாதி நம்பியிருந்தான்.

மறுநாள் குழாயடியில், பெண்கள் நடுவே, முக்காலி போட்டு உட்கார்ந்து மனைவியின் பாவாடையைத் துவைத்தான். கிஸீ இனத்து ஆண்பிள்ளை அடுப்படிக்குள் கால் வைப்பதே அதிசயம்.

"ஐயோ, கெருபோ இவனுக்கு என்ன மருந்து வெச்சா? எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடுங்கடி!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவனோடு வாசல் காவலில் இருந்தவர்களோ, "மொராம்மா வந்தாச்சு!" என்று எழுந்து நின்றார்கள்.  அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே உகாலியும் கிண்டினான்; அதுவும் கட்டி தட்டியது, இருவரும் சாப்பிட்டார்கள்.

வீட்டு வேலை முழுக்க அவன் கையிலேயே வாரங்கள் ஓடின. வலி குறையவில்லை, ஏறியது.

"உங்க மானம் போனதுதான் மிச்சம்," என்றாள் கெருபோ.

"குறையவே இல்லையா? நல்லதாப் போச்சு, டாக்டர்கிட்ட கிளம்பு!"

மருத்துவர் பழைய பாட்டையே தொடங்கினார். "வீட்ல துணி..."

"நான் துவைக்கிறேன் டாக்டர். சமைக்கிறதும் நான்தான். குழாயடியில கேட்டுப் பாருங்க, சிரிச்சு சிரிச்சு அவங்களுக்கு வயிறு புண்ணாயிருக்கும். இவ கை தொட்டது உங்க ரோஜாவ மட்டும்தான்."

மருத்துவர் சோப்பில் வெடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாகக் கெருபோவின் கையை எடுத்து மணிக்கட்டை மெல்ல அழுத்தினார்.

"இங்கயாம்மா வலிக்குது? கத்தரி வேண்டாம். லேபிள் ஒட்டுற வேலைக்கு மாத்தச் சொல்றேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மொமான்யிதான் சொன்னான்: "ஆமா டாக்டர். அங்கதான்."