இசையா இல்லறம்

கோபாலகிருஷ்ணன் மாஸ்டர் சுவர்ணாவை அதுவரை கண்டதே இல்லை. ஆனால் அவளுக்காக அழுது முடித்துவிட்டார். லண்டனில் டூட்டிங் பக்கம் தமிழர் யார் கண்ணை மூடினாலும், முப்பத்தோராம் நாளுக்கு இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் ‘கல்வெட்டு’ப் புத்தகத்துக்கு ‘மனைவி புலம்பல்’ பாடிக் கொடுப்பவர் அவர்தான்.

‘இசைந்த இல்லறத்தில் இருந்தோமே ராசா’ என்று தொடங்கியது பாட்டு. கீழே அவள் பெயர். அச்சுக்கு முன் பார்க்கச் சொல்லி வந்த படியைப் படித்ததும் சுவர்ணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இசைந்த இல்லறமாம்! குழம்பில் உப்புக் கூடினாலும் கைநீட்டுவான் அவள் புருசன் சண்முகராசா, குறைந்தாலும் நீட்டுவான். செத்த பிறகும் அவனுக்காக அவளே பொய் சொல்ல வேண்டுமா?

உடனே மாஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

“மாஸ்டர், இசைந்த எண்டதை வெட்டிப்போட்டு இசையா எண்டு போடுங்கோ.”

“பிள்ளை, இசையா எண்டால் ஒத்துப்போகாதது, சுருதி சேராதது. பழைய பாட்டுகளில பகைவரைத்தான் இப்பிடி, பொருந்தார் எண்டு பாடினவை. புருசனை அப்பிடிப் பாடேலாது.”

“ஏன், பாட்டுப் பிழைச்சுப்போகுமோ?”

மாஸ்டர் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார். “இல்லை. யாப்புக் கெடாது.”

“பொருளும் சரி. பிறகென்ன? இல்லாட்டி என்ர பேரை எடுங்கோ.”

மாஸ்டர் சண்முகராசாவின் தம்பி தவராசாவைக் கேட்டார். அச்சுச் செலவு தவராசாவுடையது. அண்ணனின் மானம் அவனுக்குப் பெரிது, அண்ணியின் பெயர் பெரிதில்லை. இசைந்த என்றே, அவள் பெயரையும் எடுக்காமல் அடிக்கச் சொல்லிவிட்டான்.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. மாஸ்டர் கல்வெட்டை ராகம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தார். ‘மனைவி புலம்பல்’ வந்தது. இசைந்த இல்லறமும் வந்தது, கடைசியில் அவள் பெயரும் வந்தது. ஒரு மாமி மூக்கை உறிஞ்சினாள்.

சுவர்ணா எழும்பினாள். “நிப்பாட்டுங்கோ மாஸ்டர். அது என்ர புலம்பல் இல்லை.”

தவராசா ஓடிவந்தான். “அண்ணி, சனம் இருக்குது. இருங்கோ.”

“சனம் இருக்கட்டும் தம்பி. உங்கட மகன்ர பிறந்தநாளில இந்தச் சனத்துக்கு முன்னாலதான் அவர் எனக்கு அடிச்சவர். அண்டைக்கு ஒருத்தரும் எழும்பேல்லை.”

மாமி மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினாள். மாஸ்டர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். மிச்சத்தைப் படிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.