பஷீர் நெய்த கிரேன்

துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனிக்கு இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பஷீருக்கு, வீட்டில் ஓட்ட ஒன்றும் இல்லை. மனைவி சாபிராவை ஓட்டிப் பார்த்தார், நகரவில்லை.

அப்புறம்தான் மரச்சட்டத்தின் மேலும் கீழும் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி பருத்தி நூல் இழுத்துக் கட்டி, கோணி ஊசியால் குறுக்கே உல்லன் நூல் கோத்து, முள்கரண்டியால் தட்டித் தட்டி இறுக்கி, சுவரில் மாட்டும் சின்ன நெசவுப் படங்கள் செய்யத் தொடங்கினார். முதல் படம் கடல். பார்த்தவர்கள் கால்மிதி என்றார்கள்.

இரண்டாவது, அவர் ஓட்டிய மஞ்சள் கிரேன். திருவொற்றியூரில் மகள் உமைமா புதுக்குடித்தனம் போன வீட்டுக் கூடத்தில் மாட்ட. ஐந்து மாதம் பிடித்தது. என்ன படம் என்று யார் கேட்டாலும் "முடியட்டும்" என்பார். சொல்லித் தெரியவைத்தால் அது என்ன கலை என்ற திமிர். முடிந்ததும் பேப்பரில் சுற்றி, சாபிராவோடு ராயபுரத்தில் பஸ் ஏறினார். படத்துக்கு ஜன்னல் சீட்.

மகள் வீட்டில் பேப்பரைப் பிரித்தார். மருமகன் தமீமின் அம்மா "மாஷா அல்லாஹ்" என்று பாராட்ட வாயெடுத்து, "மாஷா"வோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எந்தச் சொவத்துல மாட்டலாம்?" என்றார் பஷீர்.

"கைவேல சுத்தமா கீது சம்பந்தி. ஆனா, கூடத்துலதான் தொழுவுறோம். உசுருள்ள உருவத்த அங்க மாட்டறதில்லியே. தப்பா நெனச்சிக்காதீங்க."

"உசுரா? எதுக்கு உசுரு?"

"ஒட்டகச்சிவிங்கி சூப்பரா கீது வாப்பா," என்றாள் உமைமா அவசரமாக. "பெட்ரூம்ல மாட்டிக்கிறோம்."

கொக்கியிலிருந்து கன்டெய்னர் நழுவியதுபோல் பஷீர் நாற்காலியில் விழுந்தார்.

"அது கிரேனும்மா! நாலு காலு, மேல தூக்கின கை..."

"நாலு காலு, நீட்டுக் கழுத்து," என்று முணுமுணுத்தார் தமீம். "மஞ்ச ஒடம்புல பழுப்புத் திட்டு வேற கீதே மாமா."

"துருப்பா அது!"

"துருவ எதுக்கு மாமா நெய்யணும்?"

"இருந்திச்சே! பெயிண்டு அடிங்கன்னு எத்தினி வாட்டி எழுதிக் குடுத்தேன், எவன் அடிச்சான்?"

"ரெண்டு செவப்புக் கண்ணு?"

"லைட்டுப்பா! கிரேன் உச்சியில எரியற லைட்டு!"

சாட்சிக்கு மனைவி பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லு."

சாபிரா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். "நானும் அப்படித்தாங்க நெனச்சிகினு இருந்தேன். நீங்க கூடத்துல வெச்சி நெய்யறீங்களேன்னு, அஞ்சு மாசமா சமையகட்டுல சிலிண்டர் பக்கத்துல பாய் விரிச்சித் தொழுவுறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ரிட்டயர் ஆனப்பறம் மொத வாட்டி அத நெய்யும்போதுதான் சிரிச்சீங்க. அத எப்படிங்க கெடுக்கறது?"

ஒட்டகச்சிவிங்கி தந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. காற்றுக்காகத்தான் அவள் சமையலறைக்குப் போகிறாள் என்று நம்பியிருந்தார் பஷீர். ஜன்னலே இல்லாத சமையலறைக்கு! எண்பதடி உயரத்திலிருந்து கீழே நிற்கும் லாரியின் ஆணி வரை பார்த்த கண், இரண்டு ஆள் தூரத்தில் நின்றவளைப் பார்க்கவில்லை.

படத்தை மறுபடி பேப்பரில் சுற்றப் போனவர், நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கோணி ஊசியும் மிச்ச மஞ்சள் நூலும் வெளியே வந்தன.

"கத்திரி குடும்மா. ஒரு மணி நேரம் ஆவும்."

முதலில் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பிரித்தார். பிறகு திட்டுத் திட்டாகத் துருவை வெட்டி எடுத்தார். சம்பந்தியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, இருபத்தாறு வருஷமாகக் கம்பெனி அடிக்காத பெயிண்டை பஷீர் ஒரே மத்தியானத்தில் அடித்து முடித்தார்.

படத்தை சாபிராவின் முன்னால் தூக்கிப் பிடித்தார் பஷீர். "இப்ப இன்னா தெரியுது? என் மூஞ்சியப் பாக்காத, படத்தப் பாரு. உண்மைய சொல்லு."

தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

"ஏணி மாரி கீதுங்க."

பஷீர் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஏணிக்கு ஏது உசுரு?" என்றார் சம்பந்தியம்மா. "டேய் தமீம், சுத்தி எங்கடா?"