மூன்று வாரத் துளிர்

பிப்ரவரி என்றால் ரப்பர் இலை கொட்டும், மரம் சீவுவது நிற்கும், மூன்று வாரத்தில் புதுத் துளிர் வந்துவிடும். கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பதினாறு வருஷம் பால்மரம் சீவிய துளசிக்கு, அதாவது எனக்கு, இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

தோட்டம் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறிய பிறகு, ஆறு வருஷமாகக் காட்டில் வேலை. நம்பர் தகடு அடித்த நாற்பது மரங்கள். வாரம் ஒருமுறை பைனாகுலரில் ஒவ்வொரு உச்சியையும் பார்த்து, துளிரா, பூவா, காயா, ஒன்றுமில்லையா என்று நோட்டில் எழுதி, பக்கத்தைப் படமெடுத்து ரவாங்கில் இருக்கும் நித்தியாவுக்கு அனுப்ப வேண்டும். காட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் அவள். காட்டு மரமும் வெயில் பார்த்துத்தான் துளிர்க்கும். போன ஐந்து வருஷமும் ரப்பரோடு சேர்ந்தே துளிர்த்தது.

இந்த வருஷம் மழை விடவே இல்லை. தைப்பூசத்துக்கும் மழை, சீனப் பெருநாளுக்கும் மழை. காட்டுப் பாதை முழுக்க அட்டை. மரம் என்ன, எழுந்து ஓடிவிடவா போகிறது என்று நான் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதினேன். மூன்று வாரம், நாற்பது மரத்துக்கும் 'துளிர்'. கையெழுத்து அழகாகவே இருந்தது.

மார்ச்சில் நித்தியா வீட்டுக்கே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க! சட்டிலைட் படத்துல இந்த வருஷம் துளிரே காணோம். மழையில காடு வளராம நின்னுடுச்சுன்னு பயந்துட்டேன். உங்க நோட்டுல எல்லாம் துளிர்த்திருக்கு லா. நாளைக்கு மீட்டிங்ல அதைத்தான் சொல்லப் போறேன். ஆறு நோட்டையும் குடுங்க, எல்லாருக்கும் காட்டணும்."

"படம் சரியா இருந்தா?"

"அது மேகத்துக்கு மேல இருந்து பாக்குது. நீங்க மரத்தடியில நின்னு பாத்தீங்க. நான் உங்களத்தான் நம்புவேன்."

நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தபோது ஜன்னல் வழியே கொல்லை தெரிந்தது. அங்கே நிற்கும் இரண்டு ரப்பர் மரத்திலும் பழைய இலை கரும்பச்சையாக அப்படியே இருந்தது. கொட்டவே இல்லை. காட்டுக்குத்தான் போகவில்லை, கொல்லையையாவது பார்த்திருக்கலாம். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"நித்தியா, நான் பாக்கல."

"என்னக்கா?"

"பிப்ரவரியில மூணு வாரம் காட்டுக்கே போகல. ரப்பர் துளிர்க்கிற மாசந்தானேன்னு கடையில உக்காந்து எழுதினேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பென்சிலை எடுத்து மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டாள். பிறகு மற்ற ஐந்து நோட்டுகளின் மேல் கையை வைத்தாள்.

"இதெல்லாம்?"

"சத்தியமா பாத்து எழுதினதும்மா. மழையில நனஞ்ச பக்கங்கூட இருக்கு, பாரு."

"எனக்குத் தெரியும்க்கா. மத்தவங்க கேட்டா நான் என்னா சொல்றது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். ஆறு நோட்டும் மேசைமேலேயே கிடந்தன.