பண்ணை ஆள் கொண்டுவந்த தயிர்

தாமரைச்செல்வி அன்றைக்கு வாயை அடக்கியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அடக்கவில்லை.

மதுரை கே.கே. நகரில் மூன்றாவது மாடி வீடு அவளுடையது. எதிர்வீடு ஸ்யாமளா மாமி. கோடை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எந்நேரமும் ஐஸ் கேட்டுக் கரைச்சல். மாமிதான் ஆரம்பித்தாள்.

"கடையில விக்கறதெல்லாம் சாயத் தண்ணிடி தாமரை. நீ தயிர்லயும் பழத்துலயும் ஏதோ பண்றியாமே, எனக்குக் காட்டிக்கொடேன்."

"காட்டுறேன் மாமி. ஆனா கடைத் தயிர் ஆகாது. தண்ணி விட்டு, ஐஸைக் கடிச்சா நறநறங்கும். எங்க அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம் எருமைப் பண்ணை வச்சிருக்காரு. அங்க சொல்லி எடுத்தாரச் சொல்றேன்."

"பண்ணையா? எத்தனை மாடு இருக்கும்?"

"அது கெடக்கு மாமி, நெறைய."

நெறைய என்றது இரண்டு எருமை. அதிலும் ஒன்று சினை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியும் கீழ்வீட்டு ஸ்ரீஜாவும் வந்து அடுப்படியில் நின்றார்கள். தாமரை மாம்பழத்தை நறுக்கி மிக்ஸியில் போட்டு அடித்து வைத்திருந்தாள். தேன் பாட்டில் தயார். சின்னச் சின்ன எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாய், பக்கத்தில் ஐஸ் குச்சிக் கட்டு. தயிர் வர வேண்டியதுதான் பாக்கி.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணன் மலையாண்டி.

தலையில் துண்டு, கட்டம் போட்ட கைலி, கையில் தூக்குச்சட்டி. முதல் பஸ் பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, சட்டி குலுங்கக் கூடாதென்று வழி முழுக்க மடியிலேயே வைத்து வந்திருக்கிறார். மடிப் பக்கம் மோர்த் தண்ணி கசிந்து, காய்ந்து, வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது. தாமரையின் கண்ணுக்கு அது மட்டும்தான் பட்டது.

அவர் "தாம..." என்று வாயெடுக்க, உள்ளேயிருந்து மாமி, "யாரும்மா வந்திருக்கா?"

"பண்ணையிலருந்து மாமி. அண்ணன் ஆள் அனுப்பிருக்காரு."

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து போனதைத் திரும்ப எங்கே பிடிப்பது.

மலையாண்டி அவளைப் பார்த்தார். கண்ணைக் கொட்டுகிற நேரந்தான். அப்புறம் தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமாங்கம்மா. அண்ணே குடுத்துவிட்டாரு. நீங்க சொன்னாப்புல ராத்திரியே துணியில கட்டித் தொங்கவிட்டு, தண்ணியெல்லாம் வடிச்சாச்சு. புளிப்பு ஏறல."

மாமி வாசலுக்கே வந்துவிட்டாள். மூடியைத் திறந்து பார்த்தாள். "அடேயப்பா, கத்தி போட்டு வெட்டலாம் போல இருக்கே. வடிகட்டின துணி சுத்தமானதுதானே?"

"புது வேட்டிங்கம்மா. முதலாளி வேட்டி."

"உங்க முதலாளி எப்படி, நல்ல மனுஷரா?"

"இருக்காருங்கம்மா. கொஞ்சம் வாய் சாஸ்தி. வேலை மட்டும் வாங்குவாரு, சம்பளம்னு கேட்டா மாட்டைக் காட்டுவாரு."

ஸ்ரீஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாமரையும் சிரித்து வைத்தாள். கன்னம்தான் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து அஞ்சு வயசு மகள் திவ்யா ஓடிவந்து, "மாமா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் குனிந்து அதன் தலையை ஒரு தடவு தடவினார். தூக்கவில்லை. எப்போது வந்தாலும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் செருப்பையே கழற்றுவார்.

"பாத்தியா ஸ்ரீஜா," என்றாள் மாமி. "வேலைக்காரன்னு இல்லாம மாமான்னு கூப்பிடச் சொல்லி வளர்த்திருக்கா. இதைத்தான் வளர்ப்புங்கறது."

தாமரை மாம்பழக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்ட வேண்டிய அவசியமே இல்லை.

"ஏம்ப்பா, ஒரு ஒத்தாசை பண்ணேன். கீழ கேட் பக்கத்துல எங்காத்துத் தண்ணி கேன் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு முதுகுவலி. கொஞ்சம் மேல கொண்டுவந்து வச்சுடறியா?"

'வேணாம் மாமி, வாட்ச்மேன்கிட்டச் சொல்லுவோம்.' நாக்கு நுனிவரை வந்தது. வாட்ச்மேன் ஏன், இந்த ஆளே இருக்காரே என்று மாமி கேட்டால் என்ன சொல்வது? நாக்கு உள்ளே போய்விட்டது.

மலையாண்டி இறங்கிப் போனார். தோளில் கேனோடு மூன்று மாடி ஏறினார். எதிர்வீட்டில் இறக்கி வைத்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாசலுக்கு வெளியே நின்று, கூடப்பிறந்த தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப வாரேங்கம்மா."

குடிக்க ஒரு செம்புத் தண்ணி அவள் கொடுக்கவில்லை.

தயிரையும் பழத்தையும் கலந்து, தேன் விட்டு, டம்ளரில் ஊற்றிக் குச்சி செருகி, ஃப்ரீசரில் அடுக்கினார்கள். சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று மற்ற இருவரும் போனதும் திவ்யா கேட்டது, "மாமா ஏம்மா உள்ள வரல? காப்பி குடிக்காமயா போவாரு?"

"அவருக்கு வேலையிருக்கு."

"யார்கிட்ட?"

போன் போட்டாள். எடுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் எடுத்தார். எருமை கத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணே."

"சொல்லு தாயி."

"அவுக முன்னாடி... எனக்கு என்னன்னு தெரியல, வாயில வந்துருச்சுண்ணே."

"வந்துருச்சு, விடு. பிள்ளைக்குத் தோடு எம்புட்டுப் பெருசா வாங்கணும், கல்லு வச்சதா வெறுந்தோடான்னு கேட்டுட்டுப் போவோம்னுதான் நானே வந்தேன். இல்லாட்டி தயிரை பஸ்காரன்கிட்டக் குடுத்துவிட்டிருப்பேன். அந்தம்மா வெள்ளிக்கிழமை வருதா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை திவ்யாவுக்குக் காதுகுத்து. மாமியிடம் அவளே போய்ச் சொல்லி அழைத்திருக்கிறாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். காலையில் இது எப்படி மறந்து தொலைந்தது?

"வேணும்னா, மாமியை வரவேணாம்னு சொல்லிர்றேண்ணே. சொந்தத்துக்குள்ள மட்டும் வச்சுக்கிறோம்னு..."



"அப்ப ஒளிஞ்சுக்கிட்டுத்தான் நான் மாமனா இருக்கணுமா?" என்றார். கோபமாய்க்கூடச் சொல்லவில்லை. "ஒண்ணு மட்டும் ரோசிச்சுச் சொல்லு தாமரை. அன்னைக்குப் பிள்ளையை மடியில வைக்க யாரு வரணும்? பண்ணைக்காரரா, அவரு ஆளா? அதுக்குத் தக்கன வாரேன்."

போனை வைத்துவிட்டார்.

சாயந்தரம் மாமி வந்தாள். டம்ளரைத் தண்ணியில் காட்டி ஐஸை உருவிக் கொடுத்தாள் தாமரை. மாமி ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினாள்.

"வெண்ணெய்டி. நறநறப்பே இல்லை. அந்த ஆளுக்கு ஒண்ணு எடுத்து வச்சியோ? பாவம், கேனைத் தூக்கிண்டு வந்தானே. அடுத்த தடவை வந்தா நான் தந்தேன்னு குடு."

"அவரு ஆள் இல்லை மாமி."

"பின்னே?"

"எங்க அண்ணன். பண்ணையும் இல்லை. ரெண்டு எருமைதான். கைலியோட வந்து நின்னாரு... நான் அப்படிச் சொல்லிட்டேன்."

மாமி கையிலிருந்த ஐஸ் உருகிப் புறங்கையில் வழிந்தது. துடைக்கவில்லை.

"நான் தண்ணி கேன் தூக்கச் சொன்னேனே தாமரை."

"ஆமா மாமி."

"நீ அங்கதானே நின்னுண்டிருந்தே."

"ஆமா மாமி."

 மாமி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாதிக் கடித்த ஐஸைத் தட்டில் வைத்தாள். "அவருக்குப் போன் போடு. நான் வா, போன்னு பேசிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டுக்கணும்."

"நீங்க எதுக்கு மாமி. நான் கேட்டுக்கிறேன்."

மாமி முன்னாலேயே போன் போட்டாள். இந்தத் தடவை உடனே எடுத்தார்.

"அண்ணே, மாமிகிட்டச் சொல்லிட்டேன். நீதான்ணே வரணும். என் அண்ணன்தான் வரணும்." மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அழுகாத. ஐஸ் உறைஞ்சுச்சா?"

"உறைஞ்சுச்சுண்ணே."

"பிள்ளை தின்னுச்சா?"

"உனக்கு ஒண்ணு வைக்கச் சொல்லிட்டுத் தின்னுச்சு."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "வாரேன் தாயி. வெள்ளிக்கிழமை வெள்ளனே வந்துர்றேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி பெட்டியில கெடக்கு. அதைக் கட்டிட்டு வாரேன். உனக்கு அசிங்கமா இருக்காது."

"கைலியோடயே வாண்ணே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்திருந்தார். மாமி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.